பரங்கிமலையில் தொடங்கிய ஏற்றம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் செல்பவர்கள் குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று வழிநெடுகக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். இவற்றை மலை என்று சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும். கடைசியாக வருவது பரங்கிமலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடி உயரம். இமயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இதை மேடு என்பார்கள். ஆனால் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை உலகம் அறிந்துகொள்வதற்கான முதற்படி இந்த மேட்டின் அடியில்தான் வைக்கப்பட்டது.

மலையேறுபவர் என்றதும் பனிக்கோடரியும் கயிறும் நம் நினைவுக்கு வருகின்றன. நான் இங்கே சொல்லப்போகும் மனிதர் பனி மூடிய சிகரம் எதிலும் கால் வைத்தவர் அல்லர். ஆயினும் ஐம்பதை நெருங்கும் வயதில் தொடங்கி, சாகும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல், குன்று குன்றாக ஏறிக்கொண்டே இருந்தார். உச்சியை அடைவது அவர் நோக்கமன்று. ஒரு குன்றின் மேலிருந்து அடுத்த குன்றைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

யார்க்‌ஷயரில் பிறந்த லாம்டன் பிரிட்டிஷ் இராணுவத்தின் 33-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவர். வட அமெரிக்காவில் எல்லை அளக்கும் பணியில் இருந்தபோது கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சூரிய கிரகணத்தைப் பார்த்து இடக்கண் பார்வையை இழந்தார். (கிரகண நாளில் மாணவர்களை எச்சரிக்க இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை.) மிஞ்சிய ஒற்றைக் கண்ணைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் தொலைநோக்கியில் பொருத்திக்கொண்டிருந்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது ஓர் இரவு, தெற்கே போவதாக எண்ணிக்கொண்டு ஆங்கிலப் படை ஒன்று வடக்கே, திப்புவின் முகாம் இருந்த திசையில் நடந்துகொண்டிருந்தது. விண்மீன்களைப் பார்த்துத் திசை தவறியதைச் சொன்னவர் லாம்டன். போர் முடிந்ததும், தென்னிந்தியாவைக் கடலுக்குக் கடல் துல்லியமாக அளக்க வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி அதை ஆதரித்தார். சென்னை அரசும் இசைந்தது. கும்பினியாருக்கு வேண்டியது வரி வாங்கவும் படை நடத்தவும் நிலப்படம். லாம்டனுக்கு வேண்டியது வேறு. பூமி எந்த அளவு தட்டையான உருண்டை என்பதை அவர் அறிய விரும்பினார்.

இதற்கு மலை ஏறுவது ஏன்? கண்ணின் உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கிடைக்கும். வெட்டவெளியில் நிற்கும் உங்களுக்கு அது நாலரை கிலோமீட்டர்தான். 90 மீட்டர் உயரத்தில் 34 கிலோமீட்டர்! குன்றிலிருந்து குன்றுக்குப் பார்த்தால் இரண்டின் தொலைவும் சேர்ந்துகொள்ளும். அப்படி மூன்று குன்றுகள் ஒரு முக்கோணம். அதன் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களை அளக்கவே வேண்டாம், கணக்குச் சொல்லிவிடும். அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று என்று நாடு முழுவதும் பின்னிக்கொண்டே போகலாம்.

ஆனால் முதல் முக்கோணத்தின் ஒரு பக்கத்தைத் தரையில் படுத்துத்தான் அளந்தாக வேண்டும். அதற்கு அடிக்கோடு என்று பெயர். அதில் பிழை நேர்ந்தால் அதே விகிதத்தில் எல்லா முக்கோணங்களும் பிழையாகும். லாம்டன் தேர்ந்தெடுத்த அடிக்கோடு, பரங்கிமலை அடிவாரச் சமவெளியிலிருந்து நேர் தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை செல்லும் ஏழரை மைல் நீளம். ஏறத்தாழ 40,000 அடி. இன்று மடிப்பாக்கத்திலோ மேடவாக்கத்திலோ வீடு கட்டியிருக்கும் வாசகர் யாரேனும் அந்தக் கோட்டின்மீதே குடியிருக்கக்கூடும்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் அளவு தொடங்கியது. சென்னைச் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவி, 100 அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. சீனப் பேரரசருக்குப் பரிசாக ஆங்கிலேயர் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்றதால் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின்மேல் மரத்தொட்டிகளை மட்டமாகப் பொருத்தி, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானிகளையும் வைத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் தூக்கி அடுத்த நூறடி. இப்படி ஏறத்தாழ நானூறு முறை.

வெப்பமானி எதற்கு என்று எண்ணிப் பாருங்கள். எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11.5 பங்கு நீள்கிறது. நூறடிச் சங்கிலிக்கு அது 0.35 மில்லிமீட்டர், அதாவது ஒன்றுமில்லை. 12 கிலோமீட்டருக்கு அதுவே 14 சென்டிமீட்டர். காலையில் ஒரு வெப்பம், நண்பகலில் ஒரு வெப்பம். பத்து டிகிரி வேறுபாட்டைக் கவனியாமல் விட்டிருந்தால் அடிக்கோடு ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பொய்யாகியிருக்கும். கம்பியைச் சூடேற்றி நீள் விரிவுக் குணகம் காணும் சோதனையை நம் மாணவர்கள் பதிவேட்டுக்காகச் செய்கிறார்கள். அந்தக் குணகத்தின்மேல் ஒரு நாட்டின் நிலப்படமே நின்றது என்று சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1804-இல் பெங்களூர் அருகே மற்றோர் அடிக்கோடு சங்கிலியால் அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்துடன் ஒப்பிட்டபோது, ஏழு மைலுக்கு வேறுபாடு 3.7 அங்குலம். ஒன்பதரை சென்டிமீட்டர்கூட இல்லை! மேலே சொன்ன 14 சென்டிமீட்டரோடு இதை வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு டிகிரியில் அசட்டையாக இருந்திருந்தால்கூட இந்தப் பொருத்தம் கிடைத்திருக்காது. இந்த முக்கோண வரிசை மேற்கே மங்களூரை எட்டியபோது தீபகற்பம் சுமார் 40 மைல் ஒடுங்கிப்போயிற்று. முந்தைய படங்களில் 400 மைலாக இருந்த அகலம், 360 மைல் என்று தெரிந்தது.

கோணங்களை அளந்தது தியோடலைட் என்னும் பெருங்கருவி. லண்டனில் வில்லியம் கேரி செய்தது. அதன் கிடைவட்டம் மூன்றடி விட்டம். மொத்த எடை அரை டன். இங்கே வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மொரீஷியசுக்குப் போய், அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அவர்களாலேயே மரியாதையுடன் அனுப்பிவைக்கப்பட்டது. போர்க்காலத்தில் இப்படியும் நடந்திருக்கிறது. குன்றுகள் உள்ள இடங்களில் இந்தக் கருவியைக் குன்றின்மேல் ஏற்றினார்கள். காவிரிச் சமவெளியில் குன்றுக்கு எங்கே போவது? தென்னையும் பனையும் பார்வையை மறைக்கின்றன. எனவே கோயில்களின் உச்சிக்கு ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி கற்சுவரில் மோதிற்று. கிடைவட்டம் நெளிந்துபோயிற்று.

கோணம் அளக்கும் வட்டம் நெளிந்தால் கருவி செத்தது என்றே பொருள். லாம்டன் அதைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். ஆறு வாரங்கள் வெளியுலகை மறந்து, ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் கொண்டு, மயிரிழை மயிரிழையாக வட்டத்தை மீண்டும் வட்டமாக்கினார். அதே கருவி அதன்பின்னும் பல ஆண்டுகள் உழைத்தது. அவர் வாழ்க்கையில் நான் மிகவும் வியப்பது இந்த ஆறு வாரங்களைத்தான்.

குமரி முனையிலிருந்து வடக்கே இழுத்த முக்கோண வரிசையுடன் தக்காணத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தபோது, எழுபதை ஒட்டிய வயதில், 1823 ஜனவரி 20-ஆம் நாள், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் லாம்டன் காலமானார். இறப்பதற்குச் சற்று முன்பு தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அவர் எழுதியது நமக்குக் கிடைக்கிறது. இந்த இருபது ஆண்டுகளில் பாரமாகத் தோன்றிய ஒரு மணி நேரத்தைக்கூடத் தாம் அறிந்ததில்லை, மனம் ஒரு வேலையில் ஆழ்ந்துவிட்டால் காலம் போவதே தெரிவதில்லை என்பது அதன் சாரம்.

முதன்முறை இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இரண்டாம் முறை வேறொரு கேள்வி எழுந்தது. அரை டன் கருவியைத் தூக்கியவர்களுக்கு?

இயற்பியலில் வேலை என்பதற்கு வகுப்பில் ஓர் இலக்கணம் சொல்கிறோம். விசை, அதன் திசையில் நிகழும் இடப்பெயர்ச்சி, இவ்விரண்டின் பெருக்கல். 500 கிலோ எடையைப் பரங்கிமலை அளவுள்ள குன்றின்மேல் ஏற்றினால் 4,41,000 ஜூல். கலோரிக் கணக்கில் அது இரண்டு மூன்று இட்லிக்குள் அடங்கிவிடும். இன்னும் கேளுங்கள். சமதளத்தில் தலைச்சுமையுடன் சென்னையிலிருந்து மங்களூர் வரை நடந்தவர் செய்த வேலை, இந்தச் சூத்திரப்படி, சுழி! மாணவர்கள் சிரிப்பார்கள். சூத்திரத்தில் தவறில்லை, தோள் எரிச்சலை அளப்பதற்கு அது ஏற்பட்டதன்று.

சுமைதூக்கிகள், கொடி பிடித்தவர்கள், காடு வெட்டியவர்கள், கலாசிகள் என்று நூற்றுக்கணக்கானோர் அந்தப் படையில் இருந்தார்கள். கொடி பிடிப்பவர் எல்லோருக்கும் முன்பே ஏறி, கருவி வந்து தம்மைப் பார்க்கும்வரை உச்சியில் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1819-இல் லாம்டனின் உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் கிருஷ்ணா – கோதாவரிக் காடுகளுக்குள் சென்ற குழுவைக் காய்ச்சல் பற்றியது. எவரெஸ்டே சாகும் நிலைக்குப் போய் மீண்டார். அவருடன் சென்றவர்களில் சிலர் ஹைதராபாத் திரும்பும் வழியிலேயே இறந்தார்கள். சங்கிலியின் ஒவ்வொரு டிகிரிக்கும் திருத்தம் எழுதி வைத்த அந்த அளவைத்துறை, இவர்களுடைய மணி நேரங்களை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை. லாம்டன் கடுமையானவர் என்று இதற்குப் பொருளன்று. தம் ஆட்களிடம் அன்பாக இருந்தவர் என்றே சொல்கிறார்கள். அவர் சொன்னது பொய்யுமன்று. அவர் எண்ணியது தம்முடைய மணிகளை மட்டுமே.

லாம்டனுக்குப் பின் எவரெஸ்ட் அந்த வரிசையை இமய அடிவாரம் வரை கொண்டுபோனார். அவர் ஓய்வு பெற்ற பிறகு, வங்கக் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தார் உள்ளிட்டோர் கணக்கிட, 15-ஆம் எண் சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்று தெரிந்தது. 1856-இல் வெளியான அளவு 29,002 அடி. நூறு மைலுக்கும் அப்பால் சமவெளியில் நின்று அளந்தது அது. 2020-இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த 8,848.86 மீட்டருடன் ஒப்பிட்டால் பிழை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. 1865-இல் அச்சிகரம் எவரெஸ்டின் பெயரைப் பெற்றது. லாம்டன் பெயரில் சிகரம் ஏதுமில்லை. பரங்கிமலையில் ஒரு மார்பளவுச் சிலை மட்டும் உண்டு.

அந்தச் சிகரத்தின்மேல் 1953 மே 29-ஆம் நாள் ஹில்லாரியுடன் நின்ற டென்சிங் நோர்கே, 1935-இல் முதன்முதலாக எவரெஸ்டுக்குப் போனது சுமைதூக்கியாகத்தான். பதினெட்டு ஆண்டுகள், ஏழு பயணங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர், தம் வாழ்க்கையை வாயால் சொல்ல, 1955-இல் அது நூலாக வந்தது. சுமந்தவர்களின் பக்கத்திலிருந்து மலையேற்றத்தைத் திரும்பிப் பார்க்கும் குரல் உலகம் முழுவதும் கேட்டது அப்போதுதான். முதலில் கால் வைத்தவர் யார் என்று எல்லோரும் துளைத்தெடுத்தபோது, ஹில்லாரிதான் என்று அந்நூலில் அவரே சொல்லிவிட்டார். ஒரே கயிற்றில் சென்ற இருவருக்கு அது ஒரு கேள்வியே அல்ல என்பது அவர் கருத்து. உச்சியில் அவர் பனியைத் தோண்டிப் புதைத்தவை கொஞ்சம் இனிப்புகள். அவற்றோடு, மகள் கொடுத்தனுப்பிய ஒரு பென்சில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பரங்கிமலைக்குப் போய்வாருங்கள். அர்மீனிய வணிகர் உஸ்கான் கட்டுவித்த படிகளில் ஏறினால், வயதானவர்களுக்கும் சிரமமில்லை. காலடியில் இருப்பது சார்னோக்கைட் என்னும் மிகப் பழம் பாறை. அது தனிக் கதை. மேலே மாதா கோயிலின் அருகே நின்று தெற்கே பாருங்கள். வலப்பக்கம் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கும். அடுக்குமாடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கைபேசிக் கோபுரங்களுக்கும் மேலே, நேர் தெற்கில், ஏழரை மைலில், பெரும்பாக்கம் குன்று தெரிகிறதா என்று தேடுங்கள். 1802-இல் அங்கே ஒருவர் கொடியோடு நின்றுகொண்டிருந்தார்.