கல்லில் பெயர் எழுதியவர்கள்

நாங்கள் வாழும் ஊருக்கு ஒரு தமிழறிஞரின் பெயர். தனித்தமிழுக்கு வாழ்நாளை ஈந்த மறைமலையடிகளின் (1876–1950) பெயரைச் சொல்லித்தான் மறைமலைநகர்ப் பேருந்து நிறுத்தத்தில் நடத்துனர் எங்களை ஏற்றிக்கொண்டார். பேராசிரியர் இருவர், முதுகலை மாணவர் ஐவர், தோளில் தண்ணீர்ப் புட்டியும் குறிப்பேடும். வண்டி எதுவும் அமர்த்தவில்லை. கிடைக்கும் பேருந்தில் ஏறி, இறங்கும் இடத்திலிருந்து நடப்பது என்று முன்பே தீர்மானித்திருந்தோம். மாமல்லபுரத்தை நூறு முறை பார்த்தவர்களும் அதற்குச் செல்லும் வழியைப் பார்த்ததில்லை என்பது எங்கள் நெடுநாள் குறை.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் வல்லம். சிறு குன்றில் மூன்று குடைவரைகள். மேலே உள்ளதை இன்று வேதாந்தீசுவரர் கோயில் என்கிறார்கள். முகப்புத் தூண்களில் உள்ள தமிழ்க் கல்வெட்டு வேறொரு கதை சொல்கிறது. சத்துருமல்லன், குணபரன் முதலிய விருதுப் பெயர்கள் கொண்ட முதலாம் மகேந்திரவர்மனுக்குக் கீழ்ப்பட்ட வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன் செய்வித்த கோயில் இது. தந்தை பெயரால் வசந்தீசுவரமாக இருந்ததே காலப்போக்கில் வேதாந்தீசுவரமாகத் திரிந்தது. மக்கள் நாவில் பெயர் மாறியது, கல்லில் மாறவில்லை. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் எடுத்ததாகப் பெருமை கொண்ட மன்னன் மகேந்திரவர்மன். அவன் காட்டிய வழியில் ஒரு சிற்றரசன் மகனும் தன் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் வாழவைத்துவிட்டான்.

திருக்கழுக்குன்றத்தில் மலையேறும் வழியில் ஒருகல் மண்டபம். முதலாம் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இங்குண்டு. மாணவர்களை அதைவிட ஈர்த்தவை தூண்களிலும் சுவரிலும் உரோமன் எழுத்தில் வெட்டப்பட்டுள்ள பெயர்கள். அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் நடத்திய டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் இம்மலைக்கு வந்து, தம் பெயரையும் ஆண்டையும் பொறித்துச் சென்றிருக்கிறார்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே நம் காலத்தவர் ஆணியால் கீறிய பெயர்களும் இதயக் குறிகளும்.

மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஐயா, டச்சுக்காரன் கிறுக்கினால் வரலாறு, நம்ம ஊர்ப் பையன் கிறுக்கினால் குற்றமா? முந்நூறு ஆண்டு கழித்து இதுவும் கல்வெட்டுத்தானே?"

எங்களிடம் உடனே விடை இல்லை. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ உண்டு. ஆயினும் அவள் கேட்டது சட்டத்தைப் பற்றி அன்று. அந்தக் கேள்வியைச் சுமந்தபடியே மாமல்லபுரம் சேர்ந்து, அங்கு நில்லாமல் வடக்கே ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள சாளுவன்குப்பத்தில் இறங்கினோம்.

புலிக்குகையை எல்லோரும் அறிவர். சற்றுத் தள்ளி அதிரணசண்ட மண்டபம். இராசசிம்ம பல்லவனின் விருதுப் பெயர்களில் ஒன்று அதிரணசண்டன். தன் புகழை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் அவன் பொறித்திருக்கிறான். எந்த எழுத்தைக் கற்றவன் வந்தாலும் தன் பெயரைப் படிக்கவேண்டும் என்று எண்ணினான் போலும்.

மண்டபத்தைத் தாண்டிச் சென்றால் மணற்பள்ளத்தில் ஒரு கோயிலின் அடித்தளம். 2004 டிசம்பர் 26 அன்று இக்கரையில் குப்பம் குப்பமாக உயிர்களையும் படகுகளையும் வாரிச் சென்ற அதே ஆழிப்பேரலை, இங்கே ஒரு பாறையின் மீதிருந்த மணலையும் அரித்துச் சென்றது. வெளிப்பட்ட கல்வெட்டு திருவீழ்ச்சில் என்னும் ஊரின் சுப்பிரமணியர் கோயிலைப் பற்றிப் பேசியது. ஊர்ப்பெயர் உண்டு, கோயிற்பெயர் உண்டு, கோயில் மட்டும் கண்ணில் இல்லை. அந்த எழுத்தை நம்பித்தான் இந்தியத் தொல்லியல் துறையினர் 2005இல் அருகிலிருந்த மணல்மேட்டைத் தோண்டினர். பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானமும், அதன் கீழே அதனினும் பழைய செங்கற் கோயிலும் வெளிவந்தன. வடக்கு நோக்கிய வாயில். கல்லாலான வேல். செங்கற்களின் அளவைக் கொண்டு கீழ் அடுக்கைச் சங்ககாலத்தது என்று அகழாய்வாளர் கருதினர். கடலின் சீற்றத்தால் செங்கற் கோயில் அழிய, அதன் மேலேயே பல்லவர் கல்லால் எழுப்பினர் என்பது அவர்கள் முடிவு. கடல் புதைத்ததைக் கடலே காட்டிக்கொடுத்தது.

அங்குள்ள தூண்களிலும் பெயர்கள் உண்டு. தந்திவர்மன், மூன்றாம் நந்திவர்மன் முதலிய பல்லவர் காலத்து அறக்கொடைகள் அவற்றில் பதிவாகியுள்ளன. வசந்தனார் என்னும் பிராமணப் பெண் விளக்கெரிக்கப் பொன் கொடுத்திருக்கிறாள். அவள் அரசியும் அல்லள், தளபதி மகளும் அல்லள். கல்லில் அவள் பெயர் இருப்பதற்கு ஒரே காரணம், அந்த விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை ஊராரிடம் அவள் ஒப்படைத்ததுதான். கொடுத்த பொன் எவ்வளவு, செய்யவேண்டிய பணி என்ன என்பதற்கான சாட்சியாக அந்தப் பெயர் நிற்கிறது. அத்தகைய சாட்சிகளை நம்பியே ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்தவர்கள் மணலைத் தோண்டத் துணிந்தார்கள்.

பள்ளத்தின் விளிம்பில் அமர்ந்து மாணவியின் கேள்விக்குத் திரும்பினோம். டச்சுக்காரர் செய்ததைச் சரியென்று சொல்ல எங்களால் இயலவில்லை. அது இன்று சான்றாகிவிட்டது, அவ்வளவே. ஓலையும் தாளும் அரிதாய் எஞ்சிய காலத்தில் அந்தக் கீறல் நமக்கு ஒரு செய்தி தருகிறது. இன்று வருபவனோ தன் வருகையைப் பதிவு செய்ய ஆயிரம் வழிகள் உள்ளவன். அதைவிட முதன்மையானது ஒன்றுண்டு. கல்லின் பரப்பு அளவுடையது. வல்லத்துத் தூணில் ஒருவன் தன் பெயரைக் கீறினால் கந்தசேனனின் ஓரெழுத்து சிதையக்கூடும். திருவீழ்ச்சில் பாறையில் ஊர்ப்பெயர் மட்டும் சிதைந்திருந்தால், கோயில் இன்னும் மணலுக்கடியில்தான் கிடந்திருக்கும்.

"அப்போ படிக்கத் தெரிஞ்சவங்க குறைவுங்கிறதுதான் பிரச்சினை" என்றாள் அவள். உண்மை. படிக்கத் தெரியாத கண்ணுக்குப் பழங்கல்வெட்டும் கிறுக்கலாகவே தெரிகிறது. அதன் மேல் இன்னொரு கிறுக்கல் பெரிய தவறாகத் தோன்றுவதில்லை. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நாங்களே வகுப்பறையில் கல்வெட்டு எழுத்தை எத்தனை மணிநேரம் கற்பித்தோம் என்று எண்ணியபோது தலை குனிந்தது.

பொழுது சாய்ந்தது. சவுக்குத் தோப்பில் காற்று இரைந்தது. பேருந்துக்கு நேரமாகியும் மாணவர்கள் எழவில்லை. குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, தூணில் கண்ட பழந்தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்தனர். கடைசிப் பேருந்தில் போகலாம் என்று நாங்களும் அமர்ந்துவிட்டோம்.