குழல்வாய்ச் சுடரும் தோட்டத்து இருளும்

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது பழமொழி. ஆயினும் இருளுக்கு அஞ்சுவது எக்காலத்தும் பேதைமை ஆகிவிடாது. 1948 முதல் 1960 வரை மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களுக்கு இருள் வெறுங்கற்பனைப் பேயாக இருக்கவில்லை. அதன் நடுவே ஒரு நொடியின் சிறு துகளளவு பளிச்சிட்டு மறையும் செந்நிறச் சுடர் ஒன்று, உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடாக விளங்கியது. அதுவே துப்பாக்கியின் குழல்வாய்ச் சுடர். போர் வரலாறுகள் படைகளையும் தளபதிகளையும் பற்றி விரிவாகப் பேசும். இச்சுடரைப் பற்றிப் பேசுவது அரிது. ஆனால் தோட்டத்து மக்களின் வரலாற்றை அறிய விரும்புவோர் இதனை ஒதுக்கிவிட இயலாது.

ஈப்போவிலிருந்து தெற்கே கோப்பேங் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்தது சிம்பாங் பூலாய். 'சிம்பாங்' என்னும் மலாய்ச் சொல் சாலைச் சந்தியைக் குறிக்கும். பெயருக்கேற்ப அது பல வாழ்வுகள் சந்திக்கும் இடமாகவே இருந்தது. ஒருபுறம் வெண்மையும் கருமையும் கலந்த சுண்ணாம்புக் குன்றுகள்; மறுபுறம் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்கள்; சுற்றுவட்டாரத்தில் வரிசை வரிசையாய்ப் பால்மரங்கள். குன்றுகளுக்கு அப்பால் நடுமலைத் தொடரின் அடர்காடு. பகலில் கண்ணுக்கு விருந்தாகும் இக்காட்சியே, கதிரவன் மறைந்தபின் அச்சத்தின் உறைவிடமாக மாறிய காலம் ஒன்று உண்டு.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் பகுதியில் இரு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்கொலைகள் நள்ளிரவில் நிகழவில்லை, பட்டப்பகலிலேயே நிகழ்ந்தன. அவசரகாலம் முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளிலும், அடுத்த இரு நாளில் நாடு முழுவதிலும் அறிவிக்கப்பட்டது. துரைமாரின் இடுப்பில் கைத்துப்பாக்கி ஏறியது. பங்களாவைச் சுற்றி மணல்மூட்டையும் முள்வேலியும் எழுந்தன. தோட்டங்களையும் லம்பங்களையும் காக்க 'ஸ்பெஷல் கான்ஸ்டபிள்' எனப்பட்ட சிறப்புக் காவலர்கள் பல்லாயிரவர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மலாய்க்காரரே மிகுதி, தமிழரும் இருந்தனர். 1952இல் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களைக் காக்கச் சீனர்களைக் கொண்ட ஊர்க்காவற்படை ஒன்றும் அமைந்தது. இவ்வாறு, அதுவரை துப்பாக்கியையே தொட்டறியாத எளிய மக்கள் பலர், இருளில் சுடவும் சுடப்படவும் வேண்டியவராயினர்.

பகலில் சுடுவது வேறு. இரவில் சுடுவது வேறு. விசையை அழுத்தியதும் தோட்டாவிலுள்ள வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. அவ்வாயுவே ரவையைக் குழலின் வழியே உந்தித் தள்ளுகிறது. குழல் நீண்டிருந்தால் மருந்து உள்ளேயே பெரும்பாலும் எரிந்து தணியும். குழல் குறுகியிருந்தாலோ, எரிந்தும் எரியாததுமான கொதிவாயு ரவையின் பின்னே பீறிட்டு வெளிவரும். அதிலுள்ள கரியமில ஓருயிரக வாயுவும் நீரகமும் வெளிக்காற்றின் உயிர்வளியோடு கலந்து மறுமுறை தீப்பற்றும். குழல்வாயில் தோன்றும் பெருஞ்சுடர் இதுவே. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாத இது, இருளில் தீப்பந்து போல் விரியும்.

சுழல் கைத்துப்பாக்கியாகிய ரிவால்வருக்கு மற்றுமோர் இயல்பு உண்டு. தோட்டாக்கள் தங்கும் உருளைக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருத்தல் வேண்டும். இன்றேல் உருளை சுழலாது. அவ்விடைவெளி வழியாகவும் தீ பக்கவாட்டில் பாயும். ஆகவே ரிவால்வர் ஒருமுறை சுட்டால் இரண்டு இடங்களில் ஒளிவிடும். அவற்றுள் ஒன்று சுடுபவனின் முகத்துக்கு மிக அணித்தானது.

எல்லாத் தோட்டாக்களும் ஒரே அளவில் சுடர் எழுப்புவதில்லை. பிரிட்டிஷ் படையில் அன்று வழங்கிய .38 என்ஃபீல்டு ரிவால்வரின் குழல் ஐந்து அங்குலம். அதன் ரவை நொடிக்கு ஏறத்தாழ 620 அடி வேகத்தில் மட்டுமே செல்லும். மருந்தின் அளவும் சிறிது. எனவே அதன் சுடரும் அடக்கமானதே. மாறாக, 1935இல் அமெரிக்காவில் அறிமுகமான .357 மேக்னம் போன்ற வலிய தோட்டாவைக் குறுங்குழலில் வைத்துச் சுட்டால், இருளில் கண் கூசும் அளவு தீ எழும். வலிமை கூடக் கூட ஒளியும் கூடுகிறது. இதனால் பிற்காலத்தில் தற்காப்புத் தோட்டாக்களைச் செய்வோர், விரைந்து எரிந்து முடியும் மருந்தைத் தேர்ந்தும், பொட்டாசிய உப்புகளைச் சேர்த்தும் சுடரைத் தணிக்க முயன்றனர். மலாயாக் காடுகளில் படையினர் ஏந்திய ஐந்தாம் எண் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் கதையும் இத்தகையதே. காட்டில் தூக்கிச் செல்ல எளிதாகட்டும் என்று அதன் குழலைக் குறைத்தனர், சுடர் பெருகிற்று, அதனை மறைக்கக் குழல்வாயில் புனல் போன்ற கூம்பு ஒன்றைப் பொருத்தினர்.

இச்சுடரால் விளையும் தீங்கு இருவகை. முதலாவது, அது சுடுபவனைக் காட்டிக்கொடுக்கும். புதரில் ஒளிந்தவன் யாரென்று தெரியாமல் காவலன் சுடுகிறான். அவன் நிற்கும் இடமோ அந்நொடியே எதிரிக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டாவது, அது சுடுபவனின் கண்ணையே குருடாக்கும். மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். அவ்வாறு பொறுமையாகச் சேர்த்த பார்வையை ஒரே பளிச்சொளி பறித்துவிடும். சுட்டவன் கண்முன் செம்மையும் பசுமையுமாய் நிழல்கள் மிதக்க, இரண்டாம் முறை எங்கே சுடுவதென்று அறியாமல் திகைப்பான். ஆறு தோட்டாக்கள் கையிலிருப்பினும், முதல் தோட்டாவோடு பார்வை போய்விட்டால் எஞ்சிய ஐந்தும் என் செய்யும்?

இதனை உணர்ந்தே பாதுகாப்பின் பொறுப்பு மெல்ல மெல்லத் துப்பாக்கியிடமிருந்து விளக்குக்கு மாறியது. காவல் நிற்பவன் இருளில் நிற்க, வேலிக்கு வெளிப்புறம் மட்டும் வெளிச்சம் விழ வேண்டும் என்பதே அம்முறை. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் குடியிருந்த ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள் வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். சிம்பாங் பூலாயிலும் அத்தகைய புதுக்கிராமம் ஒன்று எழுந்தது. காலப்போக்கில் பல கிராமங்களின் வேலியோரம் மின்விளக்குகள் நிறுத்தப்பட்டன. தோட்டத்து லயங்களும் இடம்பெயர்த்து நெருக்கி அமைக்கப்பட்டன. அவ்விளக்கு வெளியாரை உள்ளே வராமல் தடுத்தது. உள்ளிருந்தோரை வெளியே போகாமலும் தடுத்தது. காவலுக்கும் சிறைக்கும் ஒரே வெளிச்சம்!

ஆனால், இவ்வெளிச்சங்கள் எதிலும் அடங்காத ஒருவர் உண்டு. அவரே பால்வெட்டுத் தொழிலாளி. குளிர்ந்த விடியற்பொழுதில்தான் பால்மரம் தாராளமாகப் பால் சுரக்கும். ஆதலின் இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்வது தோட்டத்து வழக்கம். மரத்தின் வெட்டுப்பட்டையைக் காட்டும் அவ்விளக்கே, வெட்டுபவரின் முகத்தையும் நெடுந்தொலைவுக்குக் காட்டும். காட்டிலிருந்து நோக்குவோர்க்கும், காவல் நிலையிலிருந்து நோக்குவோர்க்கும் ஒருங்கே தெரியும் ஒளிப்புள்ளி அது. துரைக்கு ரிவால்வர் இருந்தது. காவலனுக்கு நீள்துப்பாக்கி இருந்தது. காட்டிலிருந்தோர்க்கும் ஆயுதம் இருந்தது. பால்வெட்டுபவர் கையில் இருந்ததோ உளியும் வாளியுமே. இரவில் ஒரு சுடரைக் கண்டால் அது எவர் பக்கத்துச் சுடர் என்று ஆராயும் வாய்ப்புக்கூட அவருக்கு இல்லை. தலை தாழ்த்தித் தரையோடு படுப்பது ஒன்றே வழி.

அதுமட்டுமன்று. அத்தொழிலாளி தற்காப்புக்கென ஒரு துப்பாக்கியைத் தேடிக்கொள்ளவும் சட்டம் இடந்தரவில்லை. உரிமமின்றி ஆயுதம் வைத்திருத்தலே மரண தண்டனைக்குரிய குற்றம் என அவசரகால விதிகள் கூறின. ஒருமுறையேனும் சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. கையில் இருந்தாலே போதும். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சு முதல் நாள் ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் கைது செய்யப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே. மன்னிக்குமாறு இந்திய அரசு வேண்டியும் பயனில்லை. அதே ஆண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். துரையின் இடுப்பில் தற்காப்பு எனப் பெயர் பெற்ற அதே கருவி, தொழிலாளர் தலைவரின் கையில் தூக்குக்கயிறாக மாறியது.

1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. இன்று சிம்பாங் பூலாய்ச் சந்தியில் இரவெல்லாம் வாகன விளக்குகள் ஓயாமல் ஓடுகின்றன; அங்கிருந்து கேமரன் மலைக்கே நெடுஞ்சாலை ஏறிச் செல்கிறது. முள்வேலி இருந்த இடங்களில் வீடுகள் பெருகிவிட்டன. தோட்டா செய்வோர் சுடரைத் தணிக்கும் கலையில் வெகுதூரம் முன்னேறிவிட்டனர். எனினும் அக்காலம் புகட்டிய பாடம் மாறவில்லை. துப்பாக்கியின் ஒளி வழிகாட்டும் ஒளியன்று. ஏந்தியவனையும் குருடாக்கும் ஒளி. புடு சிறையில் ஓர் உயிரைப் பறிக்க அவ்வொளியும் தேவைப்படவில்லை. ஆறு தோட்டாக்களும் ஒரு சட்டமுமே போதுமாயிருந்தன. அப்பன்னிரண்டு ஆண்டுகளும் விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குச் சென்று, மரத்தடியில் பால் ஏந்தித் திரும்பிய மக்களின் சிற்றொளியே இந்நாட்டைத் தாங்கியது. அவர்கள் பெயரைத் தாங்கிய கல்வெட்டுகள் இல்லாமற் போகலாம், அவ்வொளி மறக்கப்படலாகாது.