பதுளைத் தோட்டங்களும் சுவாசப்பைப் புற்றும்: ஒரு வரலாற்று நோக்கு

மலைநாட்டு மருத்துவத்தின் வரலாறு சட்டத்தின் வரலாறாகவே தொடங்குகின்றது. கோப்பித் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872 ஆம் ஆண்டிற் சட்டமொன்று இயற்றப்பட்டது; தேயிலைக் காலத்தில், 1912 இல், புதிய சட்டம் வந்தது. எனினும் பசறை, மடுல்சீமை, அப்புத்தளை முதலிய ஊவாத் தோட்டங்களிலே நெடுங்காலம் மருத்துவமாய் நின்றது தோட்டத்துச் சிறு மருந்தகமேயாகும். ஆங்கு இருமலுக்கு மருந்துண்டு. இருமலின் காரணத்தை அறியும் கருவி இல்லை.

1895 இல் றொஞ்சன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்ததும் மார்பின் உள்ளே நோக்க வழி பிறந்தது. ஆயின் அப்படம் உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாய்க் காட்டும் நிழலே. அந்நிழல் சயரோகமோ புற்றோ என மயங்குதல் எளிது. 1971 ஒக்டோபர் 1 இல், லண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள வைத்தியசாலையொன்றில், ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த சி.ரி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது உடல் முழுவதற்கும் விரிந்தது. உடலைக் குறுக்கு வெட்டுகளாய்க் காட்டிய இக்கருவிக்காக அவரும் கோமக்கும் 1979 இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வெட்டுகளிலே புற்றின் வகைகள் தத்தம் சாயலைக் காட்டுகின்றன. செதிற்கலப் புற்று பெரும்பாலும் நடுப்பகுதியில், பெரிய சுவாசக்குழாயை அண்டித் தோன்றும், உட்குழிவதும் உண்டு. சிறுகலப் புற்றும் நடுவிலேயே தோன்றி, நிணநீர்க் கணுக்களைப் பெருந்திரளாய் வீங்கச் செய்யும். இவ்விரண்டும் புகைத்தலோடு நெருங்கிய தொடர்புடையன. சுரப்பிக்கலப் புற்றோ சுவாசப்பையின் ஓரத்தே, சிலவேளை மங்கிய கண்ணாடி போன்ற படலமாய்த் தோன்றும். புகைபிடியாத பெண்களையும் அது பற்றும்.

ஈண்டுதான் தோட்டப் பெண்ணின் நிலை கருதத்தக்கது. லயன் அறையின் விறகடுப்புப் புகையிலே வாழ்நாளைக் கழித்தவள் அவள். விறகுப் புகையை அநேகமாகப் புற்றை விளைவிக்கும் காரணிகளுள் ஒன்றாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. “சுருட்டுப் பிடியாதவளுக்குப் புற்று ஏது?” என்று கருதி அவளது இருமலை ஒதுக்குதல் தகுமோ?

சாயல் கண்டு வகையை ஊகிக்கலாம். இழையப் பரிசோதனையே முடிவு கூறும். வகைக்கேற்பவே சிகிச்சையும் வேறுபடும். ஆயின் ஒரு நாள் நகருக்குச் சென்றால் ஒரு நாட் பேரை இழக்கும் தொழிலாளிக்கு, கருவி இருந்தும் தொலைவிலேயே இருக்கின்றது. அத்தொலைவைக் குறைக்கும் நாளிலேதான் 1872 இல் தொடங்கிய கடமை நிறைவுறும்.