பழவேற்காட்டுக்கு வந்த ஜப்பான் தங்கம்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது, "ஏதாவது டெக்னிக்கலா எழுதுப்பா" என்றார்கள். கண்டென்சர் குழாய் ஓட்டை அடைப்பதைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? நம்மவர்களே பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோவில் தன் தலையைத் தேடப் போய்விடுவார்கள். அதனால் சரித்திரம் எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

எங்கள் பேட்ச் நண்பன் ஒருவன் வேலை விஷயமாக ஜப்பானின் நாகசாகி நகரத்துக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பானேன் என்று உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறான். அந்த ஊரில் இது சகஜம். 2006-லிருந்தே ஊர்க்காரர்களே வழிகாட்டியாக நின்று தெருத்தெருவாக நடத்திக் காட்டும் ஏற்பாடு அங்கே உண்டு. பழைய கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றைக் காட்டி அந்தப் பெரியவர் "சந்தோமே" என்றாராம். இவன் ராத்திரியே எனக்குப் போன் போட்டான். "டேய், சாந்தோம்னு சொல்றாருடா! நம்ம சாந்தோமா?"

நம்ம சாந்தோமேதான். மயிலாப்பூரில் போர்த்துகீசியர் குடியேறி வைத்த பெயர், துணியோடு கப்பலேறி ஜப்பான் வரை போய்விட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடு போட்ட துணிக்கு அங்கே அதுதான் பெயர். பின்னால் ஜப்பான் நெசவாளர்கள் அதைப் பார்த்துத் தாங்களே நெய்து, அதையும் சந்தோமே என்றே விற்றார்கள். இன்று நாம் ஜப்பான் சாமானைப் பார்த்து டூப்ளிகேட் போடுகிறோம். அன்றைக்கு அவர்கள் நம்முடையதைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்!

சரி, அந்தச் சரக்கு எந்த வழியாகப் போயிற்று? விடை, நான் தினமும் ரயிலில் வந்து இறங்கும் அத்திப்பட்டுக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பழவேற்காடு. இத்தனை வருஷமாக அது எனக்கு இறாலும் நண்டும் வாங்கப் போகிற ஊர், அவ்வளவுதான். நண்பன் நாகசாகியில் செய்ததை நான் இங்கே செய்வது என்று முடிவு பண்ணி, ஒரு ஞாயிறு காலை பொன்னேரியில் பஸ் பிடித்தேன்.

வழிகாட்டி டீக்கடையில் கிடைத்தார். எழுபதைத் தாண்டிய பாய். முன்னே படகு வைத்திருந்தவர். "கோட்டையைப் பாக்கணும் பாய், எங்கே இருக்கு?" என்றேன். "அதும்மேலதான் நிக்கிறீங்க தம்பி" என்றார். மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மேடு, முள்புதர், அகழி இருந்த பள்ளம். அதுதான் கெல்ட்ரியா கோட்டை. சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமாக இருந்த இடம். "இங்க போர்டெல்லாம் தேடாதீங்க. நான்தான் போர்டு" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்த்துகீசியர் முதலில் வந்தார்கள். மகிமை மாதா கோயிலின் தொடக்கத்தை 1515 என்று சொல்வார்கள். டச்சுக்காரர்கள் சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கி 1610-ல் பண்டகசாலை போட்டார்கள். 1612-ல் போர்த்துகீசியர் வந்து அதை அடித்து நொறுக்க, 1613-ல் கோட்டையே எழும்பிவிட்டது. அப்போது இங்கே பெரிய அதிகாரியாக இருந்த வெம்மர் வான் பெர்கெம் என்பவரின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து, அதனால்தான் அந்தப் பெயர். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1781-ல் நாகையை இங்கிலீஷ்காரர் பிடித்துக்கொள்ள, பிறகு பழவேற்காடு மறுபடி பெரிய ஊரானது. 1795-ல் இதுவும் கைமாறியது, 1818-ல் திரும்பக் கிடைத்தது, 1825-ல் ஒரேயடியாகப் போய்விட்டது. நடுவில் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தது இங்கிலீஷ்காரர்கள்.

இன்னொன்று. இங்கிலீஷ்காரரும் 1620-களின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் இதே ஊரில் டச்சுக்காரரோடு ஒட்டுக்குடித்தனம் இருந்து பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. இதே ஏரியின் வடகோடியில் துர்க்கராயப்பட்டினத்தில் கடை போட்டார்கள், அங்கேயும் சரக்கு சரியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் 1639-ல் தெற்கே ஒரு மணல்மேட்டை வாங்கினார்கள். அதுதான் சென்னை! பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் நம்மில் பாதிப் பேர் இன்று பொன்னேரி பக்கம் ஃபிளாட்டுக்கு லோன் கட்டிக்கொண்டிருப்போம்.

இனி ஜப்பான் கதைக்கு வருகிறேன். டச்சுக் கம்பெனி ஜப்பானில் ஹிராடோ என்ற ஊரில் கால் வைத்தது 1609. பழவேற்காடு 1610. கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். 1641-ல் ஜப்பான் அரசு டச்சுக்காரர்களை அங்கிருந்து கிளப்பி, நாகசாகித் துறைமுகத்தில் விசிறி வடிவத்தில் செயற்கையாகக் கட்டிய தெஜிமா என்ற தீவில் அடைத்தது. சுமார் 120 மீட்டர் நீளம், 75 மீட்டர் அகலம். நம் காலேஜ் கிரவுண்டை விடப் பெரிதாக இருக்காது. நகரத்துக்குப் போக ஒரே பாலம், அதிலும் காவல். இருநூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இருந்த வாசல் அது ஒன்றுதான். அந்த வாசலுக்குள் நம் கரைத் துணி போனது. கோடு போட்டது சந்தோமே, சித்திரம் எழுதியது சரசா. சிவப்புக்கு இந்தக் கரையின் சாயவேர். அலசினாலும் போகாத அந்தச் சிவப்புக்குத்தான் உலகமே வரிசையில் நின்றது.

திரும்பி வந்தது என்ன? செம்பு. பாளம் பாளமாக ஜப்பான் செம்பு. 1660-களிலிருந்து தங்கமும்! கோபான் என்ற நீள்வட்டத் தங்கக் காசுகளைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்து உருக்கி, நம் ஊர் வராகனாக அடித்தார்கள். பழவேற்காட்டிலேயே கம்பெனிக்கு நாணயச்சாலை இருந்தது. வராகன் கொடுத்துத் துணி, துணி கொடுத்து ஜாவாவில் மிளகு, மிளகை ஏற்றிக்கொண்டு ஊருக்கு. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரும் வெள்ளி போதாது என்பதால் ஆசியாவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி லாபம் பார்த்த ஏற்பாடு. தெர்மோடைனமிக்ஸில் சைக்கிள் என்று படித்தோமே, அதைப் போல. ஆனால் இதில் வெளியே தள்ளப்பட்ட கழிவு, மனிதர்கள். பஞ்சம் வந்த வருஷங்களில் வயிற்றுக்கில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை வாங்கி இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். ஏரிக்கரையில் நின்று இதைக் கேட்டேன். அதுவரை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்த பாய், "ஆமா தம்பி, அதுவும் நடந்திருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். போனவர்களுக்கு இந்த ஊரில் ஒரு கல்லும் கிடையாது.

போனவர்களை அனுப்பியவர்களுக்குக் கல் இருக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசல் வளைவின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஒன்றின் தலைமேல் மணல் கடிகாரம். உன் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறது. உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கற்கள், குலச் சின்னங்கள், சுருள் சுருளாக டச்சு எழுத்து. பாய்க்கு டச்சு தெரியாது. "எழுத்து தெரியாது, நம்பர் தெரியும்" என்றார். பிறந்த வருஷத்தை இறந்த வருஷத்தில் கழித்து வயதைச் சொல்லிக்கொண்டே வந்தார். பல பேர் என் வயதுக்கே வரவில்லை. முப்பதைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டார்கள்.

கோட்டைக்குள் வெடிமருந்து ஆலையும் இருந்தது. பத்தாவியா வரை இங்கிருந்துதான் வெடிமருந்து போயிற்று. ஆக, நம் அத்திப்பட்டு, எண்ணூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்குத் தொழிற்பேட்டை என்பது 20-ஆம் நூற்றாண்டில் வந்த புது விஷயமில்லை!

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொரு கதை. ஆபிரகாம் ரொகேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1630-களில் இங்கே வந்து பத்து வருஷம் போல இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் உட்கார்ந்து நம் பூஜை, சடங்கு, பண்டிகை எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். அவர் இறந்த பிறகு 1651-ல் ஹாலந்தில் அது புத்தகமாக வந்தது. பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்கள் முதன்முதலாக ஐரோப்பிய மொழி ஒன்றில் வந்தது அதில்தான். அந்தப் பத்மநாபன்தான் பழவேற்காட்டின் முதல் கைடு என்று நான் சொல்வேன். கப்பல்காரன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஊர்க்காரன் வாயைத் திறந்தால்தான் ஊர் தெரியும். வியாபாரத்திலும் அப்படித்தான். டச்சுக்காரர்கள் 'மலையா' என்று எழுதிவைத்த அச்சுதப்பச் செட்டியும் அவர் தம்பி சின்னண்ணாவும் நடுவில் நின்றுதான் துணி சேர்ந்தது, அரசர்களோடு பேச்சு நடந்தது. நாகசாகியிலும் பரம்பரை பரம்பரையாக டச்சு மொழி பேசும் துபாஷிக் குடும்பங்கள் இருந்தன.

மலேயா பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு ஒரு சேதி. அங்கே கட்டம் போட்ட கைலிக்கு 'பெலெகாட்' என்று பெயர். அது வேறொன்றுமில்லை, நம் பழவேற்காடுதான். ஊர் சுருங்கிவிட்டது, பெயர் இன்னும் கடல் தாண்டி இடுப்பில் நிற்கிறது.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும் பார்த்தோம். விஜயநகர காலத்தது, செம்புரைக்கல் கட்டடம், விரல் அளவுச் சிற்பங்களில் ராமாயணம். அங்கிருந்து பள்ளிவாசல். அங்கே ஒரு சூரிய கடிகாரம் இருக்கிறது. என்னிலுள்ள என்ஜினீயர் விழித்துக்கொண்டான். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. பழவேற்காடு 80.3-ல் இருக்கிறது. டிகிரிக்கு நாலு நிமிஷம் என்றால், சூரியன் இங்கே உச்சிக்கு வர சராசரியாக 12 மணி 9 நிமிஷம் ஆகும். அதோடு பூமி சீராகச் சுற்றாததன் கணக்கும் சேரும். நவம்பர் தொடக்கத்தில் 11.52-க்கே உச்சி, பிப்ரவரி நடுவில் 12.23. நான் பேப்பரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து பாய் சிரித்தார். "நீங்க வாட்ச்சை நம்புறீங்க, நாங்க நெழலை நம்புறோம். ரெண்டு பேரும் சாப்பாட்டுக்குக் கரெக்டா போயிடறோம்ல?"

நாகசாகிக்காரர்கள் தெஜிமாவை என்ன செய்தார்கள் தெரியுமா? சுற்றிலும் கடலைத் தூர்த்து நிலமாக்கியதில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீவு என்ற அடையாளமே போய்விட்டது. 1951-லிருந்து தோண்டி, ஆராய்ந்து, பழைய படங்களைப் பார்த்து ஒவ்வொரு கட்டடமாகத் திரும்பக் கட்டினார்கள். 2017-ல் பழைய பாலம் இருந்த பக்கத்தில் புதுப் பாலமும் வந்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். முள்ளை வெட்டி, அகழியைச் சுத்தம் பண்ணி, நாலு வரி எழுதிய பலகை வைத்தாலே போதும் என்பது என் கட்சி.

ஆனால் பாயின் கவலை கோட்டை இல்லை. முகத்துவாரம். கடலும் ஏரியும் சேரும் வாயில் மணல் ஏறி மூடிக்கொண்டால் உப்பும் நன்னீரும் கலக்காது, இறால் குஞ்சு உள்ளே வராது. சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இது. எந்த ஊர் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்று பாடு முறை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். தெற்கே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, அப்புறம் காட்டுப்பள்ளி. அதை இன்னும் விரிவாக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் பல வருஷமாக எதிர்த்துவருகின்றன. கரையில் ஓரிடத்தில் கல் கொட்டினால் மணல் இன்னோரிடத்தில் அரிக்கும் என்பது கோஸ்டல் என்ஜினீயரிங் பாடத்தின் முதல் பக்கம். "ஒல்லாந்தர் போய்ட்டான், இங்கிலீஷ்காரன் போய்ட்டான். தண்ணி இருந்துச்சு, நாங்க இருந்தோம். தண்ணி போச்சுன்னா?" என்று கேட்டார் பாய். அந்தப் புகைபோக்கிகளின் அடியில் சம்பளம் வாங்குகிற நான் என்ன பதில் சொல்ல? கரன்ட்டும் வேண்டும், ஏரியும் வேண்டும். இரண்டையும் ஒரே டிராயிங்கில் கொண்டுவருகிற சிவில் பிள்ளைகள் நம் காலேஜிலிருந்து வரட்டும். அந்தக் கணக்கு என் பாயிலர் கணக்கை விடக் கஷ்டம்.

கிளம்பும்போது பணம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று கொஞ்ச நேரம் அடம் பிடித்து, பிறகு பேத்திக்கு நோட்டு வாங்க என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

போக விரும்புகிறவர்களுக்கு: கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் பொன்னேரி இறங்கினால் பழவேற்காட்டுக்கு பஸ் உண்டு. டிசம்பர், ஜனவரியில் போனால் பூநாரைகளையும் பார்க்கலாம். முஸ்லிம் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி ஒன்றாவது வாங்கி வாருங்கள். சூரிய கடிகாரம் பார்க்க வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகைக் கூட்டம் இருக்கும். மற்ற நாளில் அனுமதி கேட்டு, பதினொன்றரைக்குள் போய் நின்றுகொள்ளுங்கள். கையில் வாட்ச் கட்டாயம் இருக்கட்டும்.