சாம்பல் கிண்ணம் நகர்ந்த தூரம்: மருத்துவமனைகளில் புகைத்தடையின் வரலாறு

சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடிய ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் தங்கள் தரவுகளை லண்டனின் 20 மருத்துவமனைகளில் திரட்டினார்கள். கட்டிலில் கிடந்தவர்களிடம் என்ன புகைத்தீர்கள், எத்தனை ஆண்டாகப் புகைக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 1950இல் வெளியான அந்தக் கட்டுரையின்படி, நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைப்பழக்கமே இல்லாதவர்கள் இரண்டு பேர். சான்று கிடைத்தது வார்டில். ஆனால் அந்த வார்டுக்குள் சிகரெட் கூடாதென்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 2007 ஜூலை 1 அன்றுதான். இடையில் 57 ஆண்டுகள்.

இந்தத் தாமதத்தை அறியாமையின் கணக்கில் எழுத முடியாது. டால் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தபோதே தம் புகைப்பழக்கத்தைக் கைவிட்டவர். கெடுதல் தெரிந்த பிறகும் தீராமல் நின்ற கேள்வி வேறு. கட்டிலும் வார்டும் வளாகமும் யாருடைய இடம், அங்கே எழும் புகைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? மருத்துவமனைப் புகைத்தடையின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்களின் வரலாறு.

முதல் பதில் நெருப்பிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில் 1961 டிசம்பர் 8 அன்று, மாடிதோறும் திறப்பு வைத்த குப்பைக் குழாயில் பற்றிய தீ ஒன்பதாம் தளத்துக்குள் பாய்ந்து 16 உயிர்களைக் குடித்தது. அணையாத சிகரெட் துண்டு ஒன்று குழாய்க்குள் விழுந்ததே காரணம் என்று கருதப்பட்டது. அந்தக் காலத்து அச்சம் தீயைப் பற்றியது, புகையைப் பற்றியதல்ல. சாம்பல் கிண்ணம் பத்திரமாக இருந்தால் போதும் என்ற மனநிலை நெடுநாள் நீடித்தது.

புகையே குற்றவாளியாக 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புகைக்கும் கணவர்களோடு வாழ்ந்த, புகைக்காத ஜப்பானிய மனைவியரைப் பற்றிய ஹிரயாமாவின் ஆய்வு 1981இல் வந்தது. 1986இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் சி. எவரெட் கூப்பின் அறிக்கை, பிறர் விடும் புகையும் நோய் தரும் என்று அரசின் குரலில் சொன்னது. கணக்கு தலைகீழாயிற்று. அதுவரை சிகரெட் நோயாளியின் சொந்த விஷயம். இப்போது எட்டு மணி நேரம் அதே அறையில் நிற்கும் நர்ஸின் மூச்சும் கணக்கில் சேர்ந்தது.

அமெரிக்க மருத்துவமனைகளைப் பெருமளவில் மாற்றியது நாடாளுமன்றமோ காவல்துறையோ இல்லை. மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையம் 1992இல் புதிய விதி ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டடத்துக்குள் புகைத்தல் கூடாது. 1993 முடிவதற்குள் எல்லாரும் இணங்க வேண்டும். ஆணையத்தின் அங்கீகாரம் இருந்தால், முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுப் பணம் பெறுவதற்கான நிபந்தனைகள் நிறைவேறியதாகவே கொள்ளப்படும். அந்தப் பணத்தை இழக்க எந்த நிர்வாகம் துணியும்? இரண்டே ஆண்டில் 96 விழுக்காடு மருத்துவமனைகள் விதிக்கு இணங்கியிருந்ததை 1995இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. ஒரு துறை முழுவதும் இவ்வளவு விரைவாகப் பழக்கத்தை மாற்றிக்கொண்டதற்கு வேறு உதாரணம் தேடினால் சிரமப்படுவோம்.

அதே 1992இல் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் அதற்குச் சற்று முன்தான் கட்டடங்களைப் புகையற்றவை ஆக்கியிருந்தன. போரில் நாட்டுக்காக நின்றவருக்கு ஒரு சிகரெட்டைக்கூட மறுப்பதா என்ற குரல் எழுந்தது. அம்மருத்துவமனைகள் நோயாளிகள் புகைக்கத் தனி இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. அந்த வளாகங்கள் நோயாளிகளுக்கும் புகையற்றவை ஆனது 2019 அக்டோபரில்.

தடை கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் மனநல மருத்துவமனை. கூட்டு ஆணையத்தின் விதியும் மருத்துவர் அனுமதித்தால் விலக்கு உண்டு என்றே தொடங்கியது. இங்கிலாந்தின் சட்டம் மனநலப் பிரிவுகளுக்கு 2008 ஜூலை வரை ஓராண்டு கூடுதல் தவணை தந்தது. வார்டில் சிகரெட் சில்லறைக் காசுபோல் புழங்கியது. இல்லினாய் மாநிலத்தின் ஆன்னா அரசு மருத்துவமனையில் 1960களில் நடந்த புகழ்பெற்ற டோக்கன் பரிசோதனையில், நன்னடத்தைக்காகக் கிடைத்த வில்லைகளைக் கொடுத்து வாங்கக்கூடிய பொருள்களில் சிகரெட்டும் இருந்தது. பரிசாகக் கொடுத்துப் பழக்கிய கையே பிடுங்கப் போனால் கலவரம் வரும் என்று ஊழியர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

இங்கே சட்டக் கேள்வி கூர்மையாயிற்று. நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ராம்ப்டன் உயர்பாதுகாப்பு மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தவர்கள், ஆண்டுக்கணக்கில் வாழும் இந்த இடமே எங்கள் வீடு, வீட்டில் புகைப்பதை எப்படித் தடுப்பீர்கள் என்று வழக்காடினார்கள். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மறுத்தது. ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் அரசு மருத்துவமனை 2011 டிசம்பரில் உள்ளேயும் வெளியேயும் தடை விதித்தபோது வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017இல் வந்த தீர்ப்பு நுணுக்கமானது. புகைக்கும் உரிமை என்று ஒன்றை நீதிபதிகள் உருவாக்கவில்லை. ஆனால் புகையிலை வைத்திருப்பதையே தடுத்ததும், அதற்காக உடைமைகளைச் சோதித்துப் பறித்ததும், மனநலச் சட்டம் கேட்கும் நெறிகளைப் பின்பற்றாமல் செய்யப்பட்டவை என்றார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு வாசலில் போய் நின்று புகைக்கும் வழியே கிடையாது. அவர்மீது விதியைத் தளர்வின்றி நடைமுறைப்படுத்துவது எளிது. ஆகவேதான் நடைமுறையின் ஒவ்வொரு படியும் அங்கே நியாயம் கேட்கிறது என்று எனக்குப் படுகிறது.

மருந்தும் இதில் குறுக்கிடுகிறது. புகையிலுள்ள வேதிப்பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டி, குளோசபின், ஓலன்சபின் போன்ற மனநல மருந்துகள் உடலில் விரைவாகச் சிதையச் செய்கின்றன. ஒருவர் திடீரென்று புகைப்பதை நிறுத்தினால் அதே மாத்திரை அளவு இரத்தத்தில் ஏறி நச்சாகக்கூடும். நிகோடின் சூயிங்கம் கொடுத்து இதைச் சமாளிக்க முடியாது. நொதியைத் தூண்டியது புகையே தவிர நிகோடின் இல்லை. எனவே தடை அறிவிக்கும் நாளில் மருந்துச் சீட்டையும் திருத்த வேண்டும்.

கட்டடம் சுத்தமானதும் புகை போர்ட்டிகோவுக்கு வந்தது. வளாகம் முழுவதையும் புகையற்றதாக்கிய அமெரிக்க மருத்துவமனைகள் 1992இல் ஏறத்தாழ 3 விழுக்காடு. 2008 தொடக்கத்தில் 45 விழுக்காடு. ஸ்காட்லாந்து 2022 செப்டம்பர் 5 முதல், மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து 15 மீட்டருக்குள் புகைப்பதைச் சட்டப்படிக் குற்றமாக்கியது. வேல்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே வளாகங்களுக்குத் தடையை நீட்டியிருந்தது.

இந்தியாவில் இந்தப் பாதை நீதிமன்றத்தில் தொடங்குகிறது. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றத்தின் அமர்வு, அதில் தேவகோட்டைக்காரரான ஏ.ஆர். லட்சுமணனும் ஒருவர், பொது இடத்தில் புகைப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்கு எதிரானது என்றது. 2001 நவம்பர் 2 அன்று முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் புகைக்கக்கூடாத இடங்களைப் பெயர்சொல்லிக் குறித்தபோது மருத்துவமனைக் கட்டடங்கள் அதில் இடம்பெற்றன. தமிழ்நாடு 2002இல், புகைபிடித்தலையும் துப்புவதையும் சேர்த்துத் தடுக்கும் தனிச் சட்டம் இயற்றியது. நம் அரசு மருத்துவமனைப் படிக்கட்டுகளின் மூலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சேர்க்கையின் பொருத்தம் விளங்கும்.

2003இன் மத்தியப் புகையிலைச் சட்டம், பேச்சுவழக்கில் கோட்பா, பொது இடம் என்பதற்கு விளக்கம் தரும்போது மருத்துவமனைக் கட்டடங்களைச் சேர்த்துவிட்டு, திறந்தவெளி இதில் அடங்காது என்று முடித்தது. வேப்பமரத்தடியும் சைக்கிள் நிறுத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் தப்பின. 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் பொதுமக்கள் வந்துபோகும் திறந்த இடங்களையும் உள்ளே இழுத்து ஓட்டையைச் சற்று அடைத்தன. அவ்விதிகளின் கனமான பகுதி பொறுப்பைப் பற்றியது. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகை வைக்க வேண்டும். புகார் யாரிடம் சொல்வது என்று அதில் பெயர் இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணமோ தீப்பெட்டியோ தரக்கூடாது. புகார் வந்தும் பொறுப்பாளர் சும்மா இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்கான அபராதம் அவர் தலையில். புகைத்தவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. அமெரிக்காவில் மெடிகேர் பணம் செய்த வேலையை இங்கே பலகையில் எழுதிய ஒரு பெயர் செய்ய வேண்டும்.

அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்கிறது. மருத்துவமனைக்கு அப்படி ஒரு வட்டம் அதில் வரையப்படவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு எதிரே, டீக்கடைக்குப் பக்கத்தில், பீடிக்கட்டும் சிகரெட்டும் அடுக்கிய பெட்டிக்கடை இருந்தால் அந்தப் பிரிவு அதைத் தொடாது.