மர்ம நாவலா, மாயக் கதையா? யாருக்கு எதைப் பரிந்துரைக்கலாம், எங்கே கிடைக்கும்? - ஆழ்வார்குறிச்சி முதல் சென்னை வரை... முழு விவரம்

"நல்லா ஒரு மர்மக் கதை இருந்தா சொல்லுடே... ஆனா முடிவை மட்டும் சொல்லிராத!" ஆழ்வார்குறிச்சி பக்கம் புத்தகம் படிக்கிற இரண்டு பேர் சந்தித்தால் இப்படித்தான் பேச்சு தொடங்கும். கேள்வி சின்னதுதான். பதில் சொல்வதுதான் கஷ்டம். ஒருவருக்குத் தூக்கத்தைக் கெடுத்த நாவல், இன்னொருவருக்கு பத்தாவது பக்கத்திலேயே கொட்டாவி வரவைக்கும்.

தவறான புத்தகம் கையில் கிடைத்தால் அந்தப் புத்தகம் மட்டும் மூடப்படுவதில்லை. புதிதாகப் படிக்க வந்தவர் வாசிப்பையே மூடி வைத்துவிட்டு செல்போனுக்குத் திரும்பிவிடுவார். அதனால்தான் பரிந்துரை முக்கியம். தமிழில் மர்ம நாவலும் மாயக் கதையும் எப்படி வந்தன, யாருக்கு எது பொருந்தும், காசு அதிகம் செலவழிக்காமல் எங்கே படிக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

மர்மம் - மாயம்: என்ன வித்தியாசம்?

மர்ம நாவலில் ஒரு கேள்வி இருக்கும். கொன்றது யார்? காணாமல் போனவர் எங்கே? அந்தக் கேள்விக்கு அறிவுக்கு எட்டும் பதிலை எழுத்தாளர் கடைசியில் கொடுத்தாக வேண்டும். தடயங்களையும் முன்கூட்டியே வாசகர் கண்ணில் காட்டியிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து 'இவர்தான் கொலைகாரர்' என்றால், வாசகர் ஏமாந்ததாகவே நினைப்பார்.

மாயக் கதை, அதாவது ஃபேன்டசி, வேறு மாதிரி. அங்கே தேர் வானில் பறக்கலாம், வேதாளம் பேசலாம். ஆனால் அந்த உலகத்துக்கும் ஒரு விதி உண்டு. எது நடக்கும், எது நடக்காது என்பதில் எழுத்தாளர் உறுதியாக இருக்க வேண்டும். நினைத்தபோதெல்லாம் மந்திரம் வந்து நாயகனைக் காப்பாற்றினால் சுவாரசியம் போய்விடும்.

இரண்டும் கலந்த வகையும் தமிழில் உண்டு. 'இது பேயா, மனிதர் செய்த சதியா?' என்று கடைசிவரை இழுத்துச் செல்லும் கதைகள் அவை. தமிழ் வாசகர்கள் அதிகம் கேட்டு வாங்கும் வகைகளில் இதுவும் ஒன்று.

தமிழில் துப்பறியும் நாவல் எப்போது வந்தது?

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சானது 1879-ல். அதன்பின் சில பத்தாண்டுகளிலேயே துப்பறியும் கதைகள் வந்துவிட்டன. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி எழுதினார். ஜே.ஆர்.ரங்கராஜு 'ராஜாம்பாள்' நாவலில் துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் எழுதிய 'மேனகா' 1935-லும், 'திகம்பர சாமியார்' 1950-லும் சினிமாவாகின. 'திகம்பர சாமியார்' படத்தில் எம்.என்.நம்பியார் பல வேடங்களில் நடித்தது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு.

அடுத்து வந்தவர் தமிழ்வாணன். அவரது சங்கர்லால், ஒரு தலைமுறைச் சிறுவர்களின் கனவு நாயகன். 1968-ல் சுஜாதாவின் 'நைலான் கயிறு' வந்தது. வழக்கறிஞர் கணேஷ் அறிமுகமான நாவல் அதுதான். பின்னாளில் வசந்த் சேர்ந்துகொள்ள, கணேஷ் - வசந்த் தமிழின் மிகப் பிரபலமான ஜோடியானது.

1980-களில் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளையும் ரயில் நிலையக் கடைகளையும் நிறைத்தன. ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜெயந்தி என ஆளுக்கொரு ஜோடி. நெல்லையில் ரயில் ஏறி தென்காசியில் இறங்குவதற்குள் ஒரு நாவலில் பெரும்பகுதியை முடித்துவிடலாம் என்பதுதான் அவற்றின் அளவு.

மாயக் கதைக்கும் பொருநைக் கரைக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. ஆழ்வார்குறிச்சி ரயில் நிலையத்தை அடுத்து ரவணசமுத்திரம், அதற்கடுத்து கீழக்கடையம். பாரதியாரின் மனைவி செல்லம்மா பிறந்த ஊர் கடையம். 1918-ல் புதுச்சேரியிலிருந்து வெளியேறிய பாரதியார் இங்கே வந்து தங்கியிருந்தார். அதற்கு முன்பே, 1910-ல், அவரது 'ஞானரதம்' புத்தகமாக வந்துவிட்டது. ஞானம் என்ற தேரில் ஏறி வெவ்வேறு உலகங்களுக்குப் போய்வரும் உரைநடைக் கதை அது. நவீனத் தமிழில் ஃபேன்டசி என்று சொல்லத்தக்க முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று.

அடுத்தவர் நெல்லையைப் பூர்வீகமாகக் கொண்ட புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையில் கடவுளையே சென்னைத் தெருவுக்கு வரவைத்து, ஹோட்டலில் காபி குடிக்க வைத்தார். 'காஞ்சனை' படித்தவர்கள், வீட்டுக்கு வந்தது யார் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இவை நாவல்கள் அல்ல, சிறுகதைகள். ஆனால் மாயக் கதைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது.

அச்சுக்கு முன்பே இந்தப் பகுதியில் கதை இருந்தது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில், சுடலைமாடன், இசக்கியம்மன் கொடைகள், விடிய விடிய நடக்கும் வில்லுப்பாட்டு, பொதிகை மலையில் அகத்தியர் இருப்பதாகச் சொல்லும் நம்பிக்கை... இந்த ஊர்க்காரர்களுக்கு மாயக் கதை வெளிநாட்டுச் சரக்கு கிடையாது. எனவே, 'ஃபேன்டசின்னா டிராகன் வரணும்' என்று நினைப்பவரிடம், கொடைவிழாவில் கேட்ட கதையையே நினைவுபடுத்தலாம்.

யாருக்கு எதைச் சொல்லலாம்?

'என்ன புத்தகம் வேணும்?' என்று கேட்பதைவிட, 'கடைசியா நீங்க ரசிச்ச படம் எது, சீரியல் எது?' என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும். அதை வைத்து இப்படிப் பிரிக்கலாம்:

* இதுவரை நாவலே படிக்காதவர்: ராஜேஷ்குமார் அல்லது பட்டுக்கோட்டை பிரபாகரின் மாத நாவல் ஒன்று. சிறிய அத்தியாயங்கள், எளிய மொழி. ஒரே நாளில் முடித்துவிடலாம். 'நானும் ஒரு புத்தகத்தை முடிச்சிட்டேன்' என்ற எண்ணம்தான் அடுத்த புத்தகத்தை எடுக்க வைக்கும்.

* பேய்ப் படம் பிடித்தவர்: சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. குமுதத்தில் தொடராக வந்தது. நடப்பது ஆவியின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் வசந்தும் மோதிக்கொள்ளும் கதை.

* அறிவியல் புனைகதை பிடித்தவர்: சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'. ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே படிக்கலாம். 1980-களில் எழுதப்பட்ட இந்தக் கதை நடப்பது 2021-ல். நாம் கடந்துவந்த வருடத்தை அன்றைக்கு எப்படிக் கற்பனை செய்தார்கள் என்று பார்ப்பதே தனி சுவை.

* 'பொன்னியின் செல்வன்' படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வருபவர்: இதைச் சரித்திர நாவல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஆதித்த கரிகாலன் கொலை என்ற மர்மம்தான் கதையின் நடுமுடிச்சு. 'யார் கொன்றது?' என்ற கேள்வியோடு படிக்கச் சொல்லுங்கள். 5 பாகமும் வேகமாக ஓடும்.

* கோயில், சித்தர், சாபம், புதையல் என்றால் காது கொடுப்பவர்: இந்திரா சௌந்தர்ராஜனின் 'கோட்டைப்புரத்து வீடு', 'விட்டு விடு கருப்பா'.

* பொறுமையான, பழகிய வாசகர்: ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்'. 1997-ல் வெளியானது. ஒரு கோயில் நகரத்தையே கற்பனையில் கட்டி எழுப்பும் பெரிய நாவல். புதிதாகப் படிக்கத் தொடங்கியவருக்கு இதை முதலில் கொடுத்தால் திணறிப்போவார்.

* பள்ளி மாணவர்கள்: விக்கிரமாதித்தன் கதைகள், ஜெயமோகனின் 'பனிமனிதன்', ஹாரி பாட்டர் வரிசையின் தமிழ் மொழிபெயர்ப்பான 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்'. படங்கள் வேண்டும் என்றால் சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸ்கள். 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸுக்கு, அன்று படித்த சிறுவர்கள் தாத்தாவான பிறகும் ரசிகர்களாக இருக்கிறார்கள்.

மாத நாவல்கள் எல்லாமே சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல. வன்முறை, பெண்களைச் சித்தரிக்கும் விதம் ஆகியவற்றில் அந்தக் காலத்தின் வாடை சிலவற்றில் அதிகம். பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் பெரியவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இந்திரா சௌந்தர்ராஜன் பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மர்மத்தையும் மாயத்தையும் ஒரே கதையில் கட்டியதில் தமிழில் அதிகம் அறியப்பட்ட பெயர் அவருடையது. 1990-களின் பிற்பாதியில் அவர் கதையில், நாகா இயக்கத்தில், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த 'மர்மதேசம்' சன் டிவியில் ஒளிபரப்பானது. 'விட்டு விடு கருப்பா' நாவல்தான் அதில் 'விடாது கருப்பு' ஆனது. குதிரைக் குளம்பொலி கேட்டால் இன்றும் பலருக்கு அந்தச் சீரியல்தான் ஞாபகம் வரும்.

மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன், 2024 நவம்பர் 10-ம் தேதி காலமானார். சீரியலாக மட்டுமே அவரைத் தெரிந்தவர்களுக்கு நாவல்களை அறிமுகம் செய்ய இது சரியான நேரம். நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கதைக்குள் வாதிடுவது அவரது பாணி. வாசகர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கதை விலகாது.

காசு செலவழிக்காமல் எங்கே படிக்கலாம்?

முதல் வழி, அரசுப் பொது நூலகம். 1948-ல் கொண்டுவரப்பட்ட பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சி இதில் முக்கியமானது. இந்தச் சட்டப்படி, சொத்து வரியுடன் 10 சதவீதம் நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. வீட்டு வரி 1,000 ரூபாய் என்றால் 100 ரூபாய் நூலகத்துக்கு. அதாவது, நூலகத்துக்குப் போகாதவரும் அதற்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்!

நூலகத்தில் கேட்ட புத்தகம் இல்லை என்றால் அப்படியே திரும்பிவிட வேண்டாம். என்ன புத்தகம் வேண்டும் என்று நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். கேட்பவர் இருந்தால்தான் வாங்குவதற்குக் காரணம் கிடைக்கும்.

இரண்டாவது வழி, இணையம். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. 1942-ல் மறைந்த வடுவூராரின் நாவல்கள், 1948-ல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகள், பாரதியாரின் படைப்புகள் ஆகியவற்றை இன்று யாரும் தாராளமாகப் பகிரலாம். மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் போன்ற தளங்களில் இப்படிப்பட்ட பழைய நூல்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன.

வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பலாமா?

'நாவல் பேர் சொன்னேன்ல, இந்தா பிடிஎஃப்' என்று அனுப்பிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. சுஜாதா 2008-ல் மறைந்தார். அவர் நூல்களுக்கு 2068 இறுதிவரை காப்புரிமை உண்டு. இந்திரா சௌந்தர்ராஜன் நூல்களுக்கு 2084 இறுதிவரை. ராஜேஷ்குமார் போன்றவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள்.

தெரிந்தே காப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வணிக நோக்கம் இல்லாதபோது தண்டனையை நீதிமன்றம் குறைக்கலாம். ஆனாலும் குற்றம் குற்றம்தான். இதில் சட்டத்தைவிடப் பெரிய சிக்கல், விற்காத புத்தகத்தைப் பதிப்பகம் மறுபடி அச்சிடாது என்பது. பிடித்த எழுத்தாளருக்கு உதவுவதாக நினைத்து அனுப்பும் கோப்பே, அவர் புத்தகத்தைக் கடையிலிருந்து காணாமல் போகச் செய்துவிடும்.

பரிந்துரைக்கும்போது என்ன செய்யக் கூடாது?

* முடிவைச் சொல்லாதீர்கள். 'கடைசியில ஒரு பெரிய திருப்பம் இருக்கு' என்பதும் பாதி முடிவைச் சொன்னது மாதிரிதான். அதன்பிறகு வாசகர் கதையை விட்டுவிட்டுத் திருப்பத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்.

* ஒரே நேரத்தில் பத்து பெயர்களை அடுக்காதீர்கள். ஒன்று சொல்லுங்கள். படித்து முடித்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள்.

* 'இதெல்லாம் பாக்கெட் நாவல், இலக்கியம் இல்ல' என்று மட்டம் தட்டாதீர்கள். இன்று கனமான நாவல் படிக்கும் பலர் சங்கர்லாலில் தொடங்கியவர்கள்.

* 50 பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். வேறு புத்தகம் மாற்றிக் கொடுங்கள்.

ஏன் இப்போதே சொல்ல வேண்டும்?

மாத நாவல்கள் மலிவுத் தாளில் அச்சானவை. படித்து முடித்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போனவையே அதிகம். ஆயிரக்கணக்கில் எழுதப்பட்ட அந்த நாவல்களில் பெரும்பகுதிக்கு இன்று பிரதியே கிடைப்பது அரிது. 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது, வெளிமாநில வாசகர்கள்கூட வியந்து படித்தார்கள். நம் வீட்டுப் பரணில் கிடந்தபோது நாம் எடைக்குப் போட்டது அதைத்தான்.

எனவே பரணில் பழைய நாவல் கட்டு ஏதாவது இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றாலும், 'நல்ல மர்மக் கதை இருக்கா?' என்று கேட்கும் ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்.