வெளிமாநிலத்தில் வாங்கிய வாகனமும் பயன்பாட்டு வரியும்: அமெரிக்க நடைமுறை பற்றிய ஆய்வு

1. தோற்றம்

அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலங்களுக்கு உரியது. 1930களின் பெருமந்தத்தில் கருவூலங்கள் வறண்டபோது பல மாநிலங்கள் இதைக் கொண்டுவந்தன. எல்லை தாண்டிச் சென்று வாங்குவோர் வரியிலிருந்து நழுவுவதும் அப்போதே தெரிந்துவிட்டது. இன்றும் ஒரிகன், மான்டனா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் ஆகியவற்றில் பொது விற்பனை வரி கிடையாது. அலாஸ்காவில் மாநில அரசு வசூலிப்பதில்லை. சில உள்ளாட்சிகள் வசூலிக்கின்றன. எங்கு வாங்கினாலும் சொந்த மாநிலத்தில் பயன்படுத்துவதற்கு விதிக்கப்படும் 'பயன்பாட்டு வரி' இந்த ஓட்டையை அடைக்கப் பிறந்தது.

2. சட்ட அடித்தளம்

வாஷிங்டன் மாநிலம் 1935இல் 2 சதவீத விற்பனை வரியையும், அதற்கு ஈடாக அதே விகிதத்தில் பயன்பாட்டு வரியையும் விதித்தது. கிராண்ட் கூலி அணையைக் கட்டிய ஒப்பந்தக்காரர்கள் வெளிமாநிலங்களில் வாங்கிவந்த இயந்திரங்களுக்கு இவ்வரி கேட்கப்பட்டதும் வழக்கு மூண்டது. 1937இல் 'ஹென்னிஃபோர்ட் எதிர் சைலஸ் மேசன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கார்டோசோ. வேறு மாநிலத்தில் கட்டிய விற்பனை வரியை வாஷிங்டன் சட்டம் கழித்துக்கொண்டதால், வெளியிலிருந்து வாங்குபவரின் சுமை உள்ளூரில் வாங்குபவரின் சுமையைவிடக் கூடவில்லை என்பது அவர் வாதத்தின் மையம். வரிக்கழிவு அரசு காட்டும் சலுகையன்று, இவ்வரி நியாயமாக நிற்பதற்கான ஆதாரம் என்றே நான் இத்தீர்ப்பை வாசிக்கிறேன்.

3. வாகனத்தின் தனி நிலை

வெளிமாநிலத்தில் வாங்கிவந்த நாற்காலிக்குத் தாமாக முன்வந்து பயன்பாட்டு வரி கட்டுவோர் மிகக் குறைவு. கார் அப்படியன்று. உரிமைச் சான்றும் நம்பர் பிளேட்டும் வேண்டுமானால் பதிவு அலுவலகத்துக்கு வந்தே ஆகவேண்டும். வரியும் அங்கேயே கேட்கப்படும். டெக்சாஸ்வாசி ஒருவர் 4 சதவீத வரி உள்ள மாநிலத்தில் 30,000 டாலருக்குக் கார் வாங்கி 1,200 டாலர் வரி கட்டினார் என்போம். டெக்சாஸ் விகிதம் 6.25 சதவீதம், அதாவது 1,875 டாலர். மீதி 675 டாலரை ஊரில் கட்டுவார். ஒரிகனில் வாங்கியிருந்தால் முழுத் தொகையும் ஊரிலேதான். அந்த ஒரிகனும் 2018 முதல், தன் குடிமக்கள் வெளிமாநில டீலரிடம் வாங்கும் புதிய வாகனத்துக்கு 0.5 சதவீதப் பயன்பாட்டு வரி விதிக்கிறது.

4. குடிபெயர்வோர்

கார் வாங்கி ஓட்டிய பின் மாநிலம் மாறுபவர்களின் நிலைதான் கடினமானது. சியாட்டில், டல்லாஸ், அட்லாண்டா என வேலை மாறிச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழகிய கவலை. வாஷிங்டன், வெளியே 90 நாட்களுக்கு மேல் பயன்படுத்திய வாகனத்தைப் புதிதாகக் குடியேறுபவர் கொண்டுவந்தால் வரி கேட்பதில்லை. டெக்சாஸ் 90 டாலரோடு முடித்துக்கொள்கிறது. ஜார்ஜியாவோ 2013 முதல் 'உரிமைச் சான்று வரி' என்ற பெயரில் வசூலிக்கிறது. புதிதாகக் குடியேறுவோர் வாகன மதிப்பில் 3 சதவீதம் கட்டுகிறார்கள்.

வெர்மான்ட் ஒருகாலத்தில், வாங்கியபோதே தன் மாநிலத்தில் வசித்தவர்களுக்கு மட்டும் வரிக்கழிவு தந்தது. பின்னால் குடிவந்தவருக்கு மறுத்தது. 1985இல் 'வில்லியம்ஸ் எதிர் வெர்மான்ட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சமத்துவ மீறல் என்று தள்ளியது. ஆனால் எல்லாச் சூழலிலும் மாநிலம் வரிக்கழிவு தந்தே தீரவேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் ஒதுக்கி வைத்தது. இது பெருங்குறை. ஒரே காருக்கு இருமுறை வரி கட்டும் வாய்ப்பு அந்த மௌனத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

5. மான்டனா வழி

வசதி படைத்த சிலர் மான்டனாவில் பெயருக்கு ஒரு நிறுவனம் தொடங்கி, விலையுயர்ந்த காரை அதன் பெயரில் பதிவுசெய்து, வேறு மாநிலத்தில் ஓட்டுகிறார்கள். வண்டி உண்மையில் எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார் என்று பார்த்து அம்மாநிலங்கள் வரியும் அபராதமும் கேட்கின்றன. கேட்பது சரியே. அதே கண்டிப்புடன், முன்பே முறையாக வரி கட்டி வந்தவருக்கு முழுக் கழிவும் உறுதி செய்யப்படவேண்டும். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸிடம் இருப்பதால், ஒரே சீரான கழிவு விதியை அதுவே இயற்ற முடியும். அதுவரை வரித்தொகை தனியாகக் குறிக்கப்பட்ட டீலர் ரசீதை வாங்குபவர் பத்திரமாக வைத்திருப்பது அவசியம். கட்டிய வரிக்கு அதுவே நேரடிச் சான்று.